நல்ல தண்ணியும் பழைய தண்ணியும்

போன வாரம், மீன் தொட்டிக் கடை நடத்தும் உங்களில் ஒருவர் வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "ஒண்ணும் பயப்படாதீங்க மேடம், தண்ணிய மட்டும் மாத்திருங்க, சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். யார் என்று சொல்ல மாட்டேன். படிக்கும்போது அவருக்கே தெரிந்துவிடும். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அதே வார்த்தையை அவரைவிட அலட்சியமாக நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் இருபத்து நான்கு வருடம் மீன் தொட்டி விற்றேன், வீடு வீடாகப் போய்க் கழுவிக் கொடுத்தேன், சீக்கு வந்த மீனுக்கு மருந்து சொன்னேன். கடையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. எந்தப் பம்பு நல்லது, எந்தப் பில்டர் நல்லது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதைப் பற்றி நான் வாயைத் திறந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் அந்தக் கதை வேண்டாம்.

அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மீமிசல் என்று மாதத்தில் ஒரு நாள் அந்தப் பக்கம் போய்த் தொட்டி கழுவிவிட்டு வருவது என் வழக்கம். மீமிசலில் ஒரு வீட்டில் நான்கடித் தொட்டி, அதில் ஒரே ஒரு ஆஸ்கார் மீன். வீட்டுக்காரரை வேலாயுதம் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். முழங்கால் போன பிறகு கரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மீன் அவருடையது இல்லை. மகன் சரவணனுடையது. விரல் நீளத்தில் என் கடையில் வாங்கி, உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்து வைத்துவிட்டு, சிங்கப்பூருக்கு வெல்டிங் வேலைக்குப் போய்விட்டான். போகும்போது தொட்டியை என்னிடம் ஒப்படைத்தான். அப்பாவிடம் ஒப்படைக்க வழியில்லை. இருவருக்கும் பேச்சு இல்லை.

படகை மகன் எடுத்து ஓட்டுவான் என்று அண்ணன் நம்பியிருந்தார். மகன் எனக்குக் கடல் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "கடல் வேண்டாங்கிறவனுக்கு அப்பன் மட்டும் எதுக்கு?" என்று அண்ணன் கேட்டாராம். அவ்வளவுதான், அதோடு முடிந்தது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவர் மனைவி. நான் மதினி என்று கூப்பிடுவேன்.

சரவணன் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். மதினி பேசுவார். அண்ணன் அந்த நேரத்துக்குச் சரியாக வாசலுக்குப் போய்விடுவார். ஒருநாள் மதினி ரேஷன் கடையில் மாட்டிக்கொண்டார். போன் அடித்துக்கொண்டே இருக்க, அண்ணன் எடுத்துவிட்டார். அந்தப் பக்கமும் சத்தம் இல்லை, இந்தப் பக்கமும் சத்தம் இல்லை. கடைசியில் மகன்தான் கேட்டானாம், "மீனு சாப்புட்டுச்சா?" என்று. அண்ணன், "சாப்புட்டான்" என்றாராம்.

அன்றிலிருந்து தினமும் அந்தக் கேள்வி, அந்தப் பதில். "ரெண்டு வருசம் மொறச்சுக்கிட்டுத் திரிஞ்ச அப்பனும் மவனும் இப்ப இந்த மீன வச்சுத்தான் பேசிக்கிறாக" என்று மதினி என்னிடம் சொன்னபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பதில் பொய்யாகிவிடக் கூடாது என்று, அதுவரை மதினி பார்த்துவந்த வேலையை வாங்கிக்கொண்டு, அண்ணன் தினமும் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தொட்டிக்குத் தீனி போட ஆரம்பித்தார். கடைத் தீனி அவருக்குப் பிடிக்கவில்லை. கரைக்குப் போய் உயிர் இறாலாக வாங்கிவந்து, தோலுரித்து, நறுக்கிக் கையாலேயே கொடுத்தார். ஆஸ்கார் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும் மீன் என்று உங்களுக்குத் தெரியும். அவர் தலை தெரிந்தாலே கண்ணாடிக்கு வந்துவிடும். ஒரு எறா இரண்டாகி, இரண்டு ஐந்தானது. தண்ணீர் கெட்டது.

ஒருநாள் காலையில் போன் வந்தது.

"ஏம்மா, அவன் ரெண்டு நாளா சாப்புடல."

"யாருண்ணே?"

"யாரா? அவந்தாம்மா. மூலையில ஒதுங்கியே நிக்கிறான். தண்ணியும் கலங்கலாத் தெரியுது."

கடை வாசலில் அப்போது ஓர் ஆறடிக் கண்ணாடித் தொட்டியை நான்கு பேர் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் கண்ணும் மனசும் அதன்மேல்தான் இருந்தன. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னேன்: "எறா போடுறத நிறுத்துங்கண்ணே. பாதித் தண்ணிய எடுத்துட்டு நல்ல தண்ணியாப் பாத்து ஊத்துங்க. சரியாப் போயிரும்."

அவர் திரும்பக் கேட்டார். இதை நன்றாகக் கவனியுங்கள். "நல்ல தண்ணியாம்மா?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டார்.

"ஆமாண்ணே, நல்ல தண்ணிதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, தொட்டி தூக்கியவர்களைத் திட்டப் போனேன்.

நான் சொன்னது டிரம்மில் பிடித்து இரண்டு நாள் வைத்த தண்ணீரை. அந்த வீட்டுக் கொல்லையில் நீல டிரம் ஒன்று உண்டு. நான் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் போன் போட்டு, பைப்புத் தண்ணீரை அதில் பிடித்து வைக்கச் சொல்வேன். குளோரின் வாடை போகத்தான். ஆனால் ஏன் இரண்டு நாள் என்று நான் சொன்னதும் இல்லை, அவர்கள் கேட்டதும் இல்லை. தண்ணீர் தினமும் வராத ஊர், அதனால் முன்கூட்டிப் பிடிக்கச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

மீமிசல் பக்கம் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். போர் தண்ணீர் உப்பு. அதில் குளிக்கலாம், கழுவலாம். குழாயில் வருகிற காவிரித் தண்ணீர்தான் குடிக்க. அதற்குப் பெயரே நல்ல தண்ணி. கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கடலில் கிடைப்பது மீன். குளத்திலும் ஆற்றிலும் கிடைப்பது நல்ல தண்ணி மீன். தொட்டி வைத்த முதல் நாளே, "இது நல்ல தண்ணி மீனுண்ணே" என்று அவருக்குச் சொன்னதும் நான்தான். நல்ல தண்ணி மீனுக்கு நல்ல தண்ணி ஊற்றச் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு?

அன்று காலையில்தான் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. ஊர் மேல்நிலைத் தொட்டியைக் கழுவிக் குளோரின் மருந்து போட்ட நாள். அண்ணன் குடம் குடமாகப் பிடித்து ஊற்றினார். பாதி நல்லதென்றால் முழுவதும் இன்னும் நல்லதுதானே என்று தொட்டியை அடிவரை காலிசெய்துவிட்டு ஊற்றினார். கடைசியில் கொஞ்சம் குறைந்தபோது, குடிப்பதற்கு என்று மதினி அன்று பிடித்து வைத்திருந்ததையும் எடுத்து ஊற்றிவிட்டார்.

பதினோரு மணிக்கு மறுபடியும் போன்.

"ஏம்மா, அவன் சாயுறான்."

 எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். சொன்னார். வாடை அடித்ததா என்று கேட்டேன். "மருந்து வாடை தூக்கலாத்தான் இருந்துச்சு. சுத்தமா இருக்குன்னுல்ல நெனச்சேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாயங்காலம் சரவணன் கூப்புடுவான். ஒங்க கடையில இதே மாரி ஒண்ணு கெடக்குமே, எடுத்துட்டு வந்துரும்மா" என்றார்.

நம் தொழிலில் இந்தப் பழக்கம் இருக்கிறது. இல்லை என்று யாரும் என்னிடம் சத்தியம் செய்ய வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் செத்த மீனை எடுத்துவிட்டு அதே நிறத்தில் ஒன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதைப் பெரிய உபகாரம் என்றுகூட நினைத்திருக்கிறேன். அன்றைக்கும் நான் மறுத்துப் பேசவில்லை. கறுப்பு உடம்பில் ஆரஞ்சு வளையம் போட்ட ஓர் ஆஸ்காரைப் பிடித்து ஆக்சிஜன் கவரில் கட்டினேன். குளோரின் முறிக்கும் மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தக் கவர் அவருக்காக மட்டும் என் மடியில் இருக்கவில்லை. புது மீன் தொட்டிக்குள் போய்விட்டால் என் பிழையும் அதோடு மறைந்துவிடும் அல்லவா? அந்த எண்ணமும் கூடவே பஸ்ஸில் வந்தது.

அறந்தாங்கியில் பஸ் மாறினேன். கண்டக்டர் மடியைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மீமிசலுக்கே மீன் கொண்டு போறீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் போய் மருந்து ஊற்றும்வரை அந்த மீன் வெந்த செவுளோடு அதே தண்ணீரில் கிடக்க வேண்டும். காற்றுப் பம்பை முழுசாகத் திறந்துவிடச் சொல்லியிருந்தேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு. டிரம் காலி. இரண்டு நாள் வயதான தண்ணீருக்கு அந்த ஊரில் எங்கே போவது?

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில், வீட்டுக்கு வீடு குடத்தில் இருப்பது அந்தத் தண்ணீர்தானே! ஆனால் புதுத் தண்ணீர் வந்த அன்றைக்குப் பழையதைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் குடத்தைக் கழுவி நிரப்புவது அங்கே வழக்கம். மணி ஒன்றாகப் போகிறது. யாராவது ஊற்றாமல் வைத்திருந்தால் உண்டு. போன் போட்டேன். சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைத்தது. பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"அண்ணே, தெருவுல போயிப் பழைய தண்ணி கேளுங்க. முந்தாநாளு புடிச்சது. எத்தன கொடம் கெடச்சாலும் சரி. பித்தளைக் கொடத்துத் தண்ணி வேணாம், மீனுக்கு ஆகாது, பிளாஸ்டிக் கொடம் மட்டும். தொட்டித் தண்ணிய டியூப் போட்டுப் பாதி எறக்கிட்டு அத ஊத்துங்க."

"பழைய தண்ணியா?"

"பழைய தண்ணி. இப்ப நான் என்ன சொன்னேன், நீங்க ஒரு தடவ சொல்லுங்க."

முந்தாநாள் தண்ணீர், பிளாஸ்டிக் குடம், பாதி இறக்கிவிட்டு என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். அந்த ஒரு காரியத்தைக் காலையிலேயே நான் செய்திருந்தால் இந்தப் பஸ்ஸில் நான் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.  பிறகு, "நானாம்மா போயிக் கேக்கணும்?" என்றார்.

அவர் ஆத்திர அவசரத்துக்குக்கூட அடுத்த வீட்டில் ஒரு பொருள் கேட்காத மனுஷன். மதினி என்ன ஆனார் என்று விசாரித்தேன். மதினி தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் கவிழ்ந்துவிடாமல் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "நீங்கதாண்ணே போகணும்" என்றேன். லைன் போய்விட்டது.

அதற்கப்புறம் மீமிசல் வரை போன் கிடைக்கவில்லை. ஆவுடையார்கோவிலில் பஸ் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது, ஓடி என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. அவர் போனாரா, வீம்பு பிடித்து உட்கார்ந்துவிட்டாரா, யாராவது தண்ணீர் கொடுத்தார்களா, ஒன்றும் தெரியாது. மடியில் இருந்த மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிம்மதியாக இருந்தது. அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

தெருமுனையில் இறங்கியதும் ஒரு பெண் என்னைப் பார்த்து, "மீன் டாக்டரம்மா வந்துட்டாக" என்று உள்ளே குரல் கொடுத்தார். வேலாயுதம் அண்ணன் வாசல் வாசலாக நின்று, "பழைய தண்ணி இருக்கா?" என்று கேட்டாராம். முதல் வீட்டில், குடிக்கத்தான் கேட்கிறார் என்று புதுத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள்; மறுக்க முடியாமல் அதை வாங்கி வீட்டில் வைத்துவிட்டார். மீனுக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டாவது வீட்டில் சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்காரம்மா, "கடல்ல கெடந்ததையெல்லாம் அள்ளிட்டு வந்தவரு, ஒத்த மீனுக்குத் தண்ணி கேட்டு வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு, தானே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நான் போனபோது வீட்டு வாசலில் ஏழு காலிக் குடங்கள் கிடந்தன. ஒன்றுகூடப் பித்தளை இல்லை.

தொட்டிக்குள் கை விட்டு முகர்ந்தேன். வாடை பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. மருந்தை அளந்து ஊற்றினேன். மீன் உயிரோடு இருந்தது. நேராக நின்றது என்று சொல்ல முடியாது, கவிழவும் இல்லை. செவுள் அடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. உடம்பெல்லாம் வெள்ளையாகச் சளி படிந்திருந்தது. அண்ணன் வேட்டி இடுப்புவரை நனைந்திருக்க, சுவர் ஓரமாக நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"பொழைச்சுக்குவானா?"

"தெரியலண்ணே" என்றேன். இந்தத் தொழிலில் நான் அதிகம் சொல்லாத பதில் அது. இன்னும் நிறையத் தடவை சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று மணி நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா இருப்பதுதான் அப்போதைய வைத்தியம். இன்னொரு மருந்து, இன்னொரு தண்ணீர் என்று கையை விட்டால் இருக்கிற உயிரும் போய்விடும். ஏதாவது செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார எவ்வளவு பாடு என்பது உங்களுக்குப் போகப் போகத் தெரியும். ஆறு மணி நெருங்க நெருங்க அண்ணன் மூலையில் நான் வைத்திருந்த கவரைப் பார்ப்பதும், தொட்டியைப் பார்ப்பதுமாக இருந்தார். விடவா என்று நானும் கேட்கவில்லை, விடுங்கள் என்று அவரும் சொல்லவில்லை.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. மதினி எடுக்கப் போனார். அண்ணன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"மீனு சாப்புட்டுச்சா?"

"சாப்புடல" என்றார். போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினார். "நல்லாப் பாத்துக்கடா. நாந்தான் கெடுத்துட்டேன். பைப்புல வந்த தண்ணிய, குடிக்க வச்சிருந்ததையும் சேத்து, அப்புடியே ஊத்திட்டேன்."

அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நான் பேசாமல் இருந்தேன். ஒரு நிமிஷம் என்று எழுதுவது சுலபம். என் பெயர் அதில் வரவில்லையே என்று ஒரு நிம்மதி எனக்குள் எட்டிப் பார்த்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது. பிறகு எழுந்து போய்ப் போனுக்கு முன்னால் நின்றேன்.

"தம்பி, அப்பா மேல தப்பு இல்ல. நல்ல தண்ணி ஊத்துங்கன்னு சொன்னது நானு. நல்ல தண்ணியான்னு அவரு திருப்பிக் கேட்டாரு. ஆமான்னு சொன்னதும் நாந்தான்."

சரவணன் போனைக் கிட்டே கொண்டுபோய்த் தொட்டியைப் பார்த்தான். அப்புறம், "டிரம்முல ஏன் புடிச்சு வைக்கிறோம்னு நான் போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்க்கா. அப்பாகிட்டப் பேசியிருந்தால்ல சொல்றதுக்கு" என்றான்.  திடீரென்று கேட்டான்: "ஏப்பா, இருந்த தண்ணியெல்லாம் இதுக்கு ஊத்திட்டீகளே, நீங்க ரெண்டு பேரும் என்ன குடிச்சீக?"

அண்ணன் மதினியைப் பார்த்தார். காலையிலிருந்து அவர்கள் ஒன்றும் குடிக்கவில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. மதினி உள்ளே போய், முதல் வீட்டில் செம்பில் கொடுத்த தண்ணீரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். மகன் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தார்.

கொண்டுபோன ஆஸ்காரைக் கவரோடு திருப்பிக் கொண்டுவந்தேன். அந்தக் கண்டக்டர் இல்லை, நல்லவேளை.

அன்றிலிருந்து தண்ணீர் மாற்றச் சொல்லும்போது எந்தக் குழாய், என்றைக்குப் பிடித்தது, எந்தக் குடம், எத்தனை குடம் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லவும் வைப்பேன். கிறுக்கச்சி என்று நினைத்தவர்கள் உண்டு. நினைத்துக்கொள்ளட்டும். நல்ல தண்ணி என்ற வார்த்தையைக் கடையில் யாரும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். நீங்களும் சொல்லாதீர்கள். நமக்கு ஒரு அர்த்தம் இருக்கும் வார்த்தைக்கு வாடிக்கையாளர் வீட்டு அடுப்படியில் வேறு அர்த்தம் இருக்கும்.

நாலாம் நாள் அண்ணன் போன் செய்தார்.

"அவன் நேத்துக் காலையில போயிட்டாம்மா."

 என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"தென்னையடியில பொதச்சேன். கடல்ல விட மனசு வரல. நல்ல தண்ணி மீனுல்ல."

அடுத்ததைக் கேட்கப் பயமாக இருந்தது. மீன் இல்லை. இனி அந்த ஆறு மணிக்கு அவர்களுக்குள் என்ன இருக்கிறது? கேட்காமல் போனை வைக்கவும் முடியவில்லை.

"தம்பி கூப்புட்டுச்சாண்ணே?"

"கூப்புட்டான். போயிருச்சுன்னு சொன்னேன். ரெண்டு பேருக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல, சும்மாவே இருந்தோம். வச்சிருவான்னு நெனச்சேன். அப்புறம் கேக்குறாம்மா, இன்னைக்கு அங்கிட்டுக் காத்து எப்புடி, கடல் எப்புடி இருக்குன்னு."